பொலிசி இருந்தது, கிரைண்டர் அதில் இருக்கவில்லை

வாசகர் கடிதம், சுருக்கமாக:

"ஐயா, பாலையூற்றிலிருந்து எழுதுகிறேன். முன்பு மேசன் வேலை, கடைசி ஐந்து வருடமாகச் சொந்தமாகக் கொந்தராத்து. இப்போது நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதி, சாமானோடு சேர்த்து எடுத்த வேலை. உரிமையாளர் வங்கிக் கடன் எடுத்தபடியால் கட்டாயம் என்று சொல்லி, என் பெயரையும் சேர்த்து ஒரு சி.ஏ.ஆர். (கொன்ட்ராக்டர்ஸ் ஓல் ரிஸ்க்ஸ், கட்டட வேலைக்கான) காப்புறுதி போட்டார்கள். பிரீமியத்தில் பாதி என் தலையில். போன கிழமை இரவு சைட் கொட்டிலின் பூட்டை உடைத்து இரண்டு கிரைண்டர், கொங்கிரீட் உடைக்கும் பிறேக்கர் ஒன்று, கொங்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் போக்கர், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டார்கள். நாலு வயர் ரோலும் பாத்ரூமுக்கு வந்த பைப் பெட்டிகளும் போய்விட்டன. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தாயிற்று. கம்பனிக்குப் போன் எடுத்தால் 'உங்கள் சாமான் பொலிசியில் இல்லை' என்கிறார்கள். அப்படியென்றால் காசு கட்டியது எதற்கு? போன மாதம் சாரத்திலிருந்து ஒரு பொடியன் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அந்தச் செலவும் என் கையாலேதான். அடுத்து மூதூரில் ஒரு வீட்டுக்கு மேல்மாடி போடும் வேலை வந்திருக்கிறது. எதைக் காப்புறுதி செய்வது? எல்லாவற்றையும் போட வசதி இல்லை."

தம்பி,

உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோது களவு நடந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அதனால் அவசரமான ஒரு விஷயத்தை அன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயும் அதையே முதலில் எழுதுகிறேன்.

கிரைண்டரையும் ஜெனரேட்டரையும் நினைத்து வயிறெரிந்து எழுதிய கடிதத்தில், போகிற போக்கில் ஒரு வரி வந்திருக்கிறது: நாலு வயர் ரோல், பைப் பெட்டிகள். கம்பனியிடம் இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். "இல்லை ஐயா, அது கட்டடச் சாமான்தானே, பிறகு உரிமையாளரோடு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்" என்றீர்கள். உங்கள் பொலிசி பாதுகாப்பதே அந்தக் கட்டடச் சாமானைத்தான். கட்டடத்தில் சேர்ப்பதற்கென்று சைட்டில் வந்து இறங்கிய வயர், பைப், சீமெந்து, கம்பி எல்லாம் சி.ஏ.ஆர். பொலிசியில் 'ஒப்பந்த வேலை' என்ற கணக்குக்குள் வரும். சுவருக்குள் போயிருக்க வேண்டும் என்றில்லை, கொட்டிலுக்குள் இருந்தாலே போதும். ஆக, நீங்கள் கேட்ட சாமானுக்குக் காப்புறுதி இல்லை. காப்புறுதி உள்ள சாமானை நீங்கள் கேட்கவில்லை.

இதில் இரண்டு சிக்கல். பொலிஸ் முறைப்பாட்டில் அந்த வயரும் பைப்பும் எழுதப்படவில்லை. போய் மேலதிக வாக்குமூலம் ஒன்று கொடுத்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மற்றது நாள் கணக்கு. சி.ஏ.ஆர். பொலிசிகளில் வழக்கமாக 14 நாள் என்று ஒரு நிபந்தனை இருக்கும். சம்பவம் நடந்து 14 நாளுக்குள் கம்பனிக்கு அறிவித்தல் கிடைக்காவிட்டால் அவர்களுக்குப் பொறுப்பில்லை. போனில் பேசியதை அறிவித்தலாக எண்ணிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: பொலிசி இலக்கம், சைட் முகவரி, எந்த நாள் மாலை பூட்டினீர்கள், மறுநாள் காலை யார் முதலில் பார்த்தது, என்னென்ன போனது. 'யார், எப்போது பார்த்தது' என்பதை விட்டுவிடாதீர்கள். இருப்பு எண்ணும்போதுதான் குறைவது தெரியவந்தது என்றால் அதற்கு இழப்பீடு இல்லை என்று பொலிசியிலேயே ஒரு விலக்கு உண்டு. உங்களுக்கு உடைந்த பூட்டே சாட்சி. அதை எறிந்துவிடாதீர்கள்.

போன வயர் நாலு ரோல் என்றால் நாலு என்றே எழுதுங்கள். ஆறாக்கினால் என்ன என்று ஒருவர் காதில் ஓதியிருப்பார். என்னைப் போன்ற இழப்பு மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து கடைப் பில்லையும் மின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்புறம் அந்த நாலும் கிடைக்காது.

சரி, உங்கள் வேலைக் கருவிகளுக்கு வருவோம். கம்பனி உங்களை ஏமாற்றவில்லை. பொலிசியோடு வந்த அட்டவணைத் தாளை எடுத்துப் பாருங்கள். முதல் பகுதியில் வரிசையாகச் சில பெட்டிகள் இருக்கும்: ஒப்பந்த வேலை, உரிமையாளர் தரும் பொருட்கள், கட்டுமான உபகரணங்கள், இயந்திரங்கள், இடிபாடு அகற்றும் செலவு. முதலாவதில் ஒப்பந்தத் தொகை இருக்கும். உபகரணம் என்ற பெட்டியில் ஒரு கோடு இழுத்திருப்பார்கள், அல்லது 'இல்லை' என்று போட்டிருப்பார்கள். வங்கிக்கு அந்தப் பெட்டியால் ஒரு பயனும் இல்லை. கட்டடம் போனால் அவர்களுடைய கடன் போகும், உங்கள் கிரைண்டர் போனால் அவர்களுக்கு என்ன? ஆகவே ஒருவரும் உங்களிடம் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. 'ஓல் ரிஸ்க்' என்ற பெயரைப் பார்த்து எல்லாம் அடங்கியதென்று நினைத்தது உங்கள் தவறு மட்டுமில்லை. அந்தப் பெயரே கொஞ்சம் ஆளை ஏமாற்றும். இந்த வகைப் பொலிசி முதன்முதலில் 1929 இல் லண்டனில் தேம்ஸ் நதியின் லாம்பெத் பாலத்துக்காக எழுதப்பட்டது. பாலமும் பாரந்தூக்கியும் மனதில் வைத்து எழுதியது. உரப்பைக்குள் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கிரைண்டருக்கு அதில் தானாக இடம் கிடைக்காது. இலக்கத்தோடும் விலையோடும் நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

அந்த விலையில்தான் அடுத்த பள்ளம் இருக்கிறது. வாங்கிய விலையை எழுதக்கூடாது, இன்றைக்குப் புதிதாக வாங்க என்ன விலையோ அதை எழுத வேண்டும். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது இறக்குமதிச் சாமானின் விலை எங்கே போனது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களிடம் இன்றைய விலையில் 8 இலட்சம் ரூபா பெறுமதியான உபகரணம் இருக்கிறது, பழைய பில்களைக் கூட்டி 4 இலட்சம் என்று எழுதிக் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். 2 இலட்சத்துக்குக் களவு போனால் 2 இலட்சம் வராது. பாதிக்குத்தானே காப்புறுதி செய்தீர்கள் என்று இழப்பிலும் பாதியைத்தான், 1 இலட்சத்தை, கணக்கில் எடுப்பார்கள். அதிலிருந்தும் எக்செஸ் கழியும். எக்செஸ் என்பது ஒவ்வொரு இழப்பிலும் நீங்கள் தாங்க வேண்டிய முதல் தொகை. பிரீமியம் மலிவாக இருக்கிறது என்று சந்தோசப்படுவதற்கு முன் எக்செஸ் எவ்வளவு என்று பாருங்கள். சிறு உபகரணத்துக்கு 50 ஆயிரம் எக்செஸ் போட்டால் ஒரு கிரைண்டர் போனதற்கு நீங்கள் போன் எடுக்கவே தேவையில்லை.

பில் இல்லாத சாமானுக்கு என்ன செய்வது என்று பலர் கேட்பதுண்டு. தம்பலகாமத்தில் ஓர் ஓடாவி இருந்தார். சொந்தக் காசில் ஒரு பொலிசியும் எடுக்காத மனிதர். ஆனால் அவரிடம் ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட கொப்பி, இருந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பக்கம். மெஷினின் இலக்கத் தகட்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, சின்னப் பிள்ளைகள் காசைத் தேய்த்து எடுப்பார்களே, அதுபோல இலக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார். கீழே யாரிடம், எப்போது, எவ்வளவுக்கு வாங்கியது. பழையதாக வாங்கியதென்றால் விற்றவரின் கையெழுத்து. எரிந்த ஆர்மச்சரை எந்தக் கடையில் மாற்றினார் என்பதுகூட இருந்தது. அவர் ஒரு பெரிய சைட்டில் சப் (துணை ஒப்பந்த) வேலை செய்தபோது தீப்பிடித்தது. பிரதான ஒப்பந்தகாரர் சப்காரர்களின் உபகரணத்தையும் சேர்த்துப் பொலிசி எடுத்திருந்தார். அந்தச் சைட்டில் எனக்குத் தலையிடி தராத ஒரே கிளெய்ம் அவருடையது. மற்றவர்கள் வாயால் சொன்னதை நான் பாதியாக்கியும் காலாக்கியும் எழுத வேண்டி வந்தது. இப்போது பென்சில்கூடத் தேவையில்லை, கைப்பேசியில் தகட்டைப் படம் எடுத்து மனைவிக்கு ஒன்று அனுப்பிவிடுங்கள். களவு போன கைப்பேசியில் மட்டும் படம் இருந்தால் பிரயோசனமில்லை.

இன்னொன்று: சாமான் இரவில் எங்கே தூங்குகிறது? சி.ஏ.ஆர். அட்டவணையில் உபகரணம் எழுதியிருந்தாலும் அது அந்தச் சைட்டுக்குள் இருக்கும்போதுதான் செல்லும். நீங்கள் வேலை முடிந்து போக்கரைப் பாலையூற்று வீட்டு விறாந்தைக்குக் கொண்டுவந்தால் அங்கே பொலிசி இல்லை. பட்டா லொறியில் ஏற்றி மூதூருக்குக் கொண்டுபோகும் வழியிலும் இல்லை. கிண்ணியாவில் பாலம் இல்லாமல் பாதை (மிதவைப் படகு) ஏறிப் போன காலத்தில் மிக்சரை ஏற்றி இறக்குவதே ஒரு நாள் வேலை. 2009 இல் பாலம் திறந்த பிறகு காலையில் இங்கே, மத்தியானம் அங்கே என்று சாமான் ஓடிக்கொண்டே இருக்கிறது. லொறியின் மோட்டார் காப்புறுதி லொறிக்குத்தான், ஏற்றிய சாமானுக்கு இல்லை. உங்களைப் போல ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சிறு வேலை ஓடுகிறவர்களுக்கு ஒவ்வொரு சி.ஏ.ஆரிலும் உபகரணத்தைச் சேர்ப்பதைவிட, வருடத்துக்கு ஒன்றாக உபகரணங்களுக்கென்றே தனிப் பொலிசி எடுப்பது நல்லது. கேட்கும்போது இவற்றை எழுத்தில் கேளுங்கள்: எந்த இடத்தில் இருந்தாலும் செல்லுமா, வழியில் செல்லுமா, பூட்டு உடைத்த அடையாளம் இல்லாத களவுக்குச் செல்லுமா, வாடகைக்கு எடுத்த மிக்சரைச் சேர்க்கலாமா. சில கம்பனிகள் கையில் தூக்கும் சிறு மெஷின்களை எடுக்கவே மாட்டார்கள், எடுத்தாலும் ஓர் உச்ச எல்லை வைப்பார்கள். அப்படியென்றால் ஜெனரேட்டர், மிக்சர், பிறேக்கர் போன்ற விலை கூடியதை மட்டும் போட்டுவிட்டு, மற்றதுக்கு நல்ல இரும்புப் பெட்டி ஒன்று அடித்துக் கொங்கிரீட் தரையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். காப்புறுதிக்காரன் சொல்லக்கூடாத யோசனைதான், ஆனால் சில வேளைகளில் பிரீமியத்தைவிட இரும்பு மலிவு.

தேய்மானத்துக்கும் கறளுக்கும் எந்தப் பொலிசியும் காசு தராது. நிலாவெளிக் காற்றில் ஆறு மாதம் கிடந்த மோட்டர் ஒரு நாள் சுற்றாமல் நின்றால் அது இழப்பு இல்லை, அதன் விதி. உள்ளே கொயில் எரிந்தாலும் அப்படித்தான், இயந்திரக் கோளாறு சி.ஏ.ஆரில் விலக்கு.

மூதூர் வேலைக்கு வருகிறேன். இருக்கிற வீட்டுக்கு மேல் மாடி போடும் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சி.ஏ.ஆர். நீங்கள் புதிதாகக் கட்டுவதைக் காப்பாற்றும். கீழே ஏற்கெனவே நிற்கிற வீடு அதில் தானாக இல்லை. மூன்றாம் ஆளுக்கு வரும் சேதத்துக்கு இரண்டாம் பகுதி இருக்கிறதே என்று நினைப்பீர்கள். நீங்கள் வேலை செய்கிற அதே சொத்து மூன்றாம் ஆளின் சொத்தாகக் கணக்கில் வராது. கூரையைக் கழற்றிவிட்டு ஸ்லாப்புக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கும்போது மழை அடித்துக் கீழ் வீட்டின் சீலிங்கும் அலுமாரியும் போனால் யார் தருவது? 'ஏற்கெனவே உள்ள கட்டடம்' என்று ஒரு சேர்க்கை உண்டு. அதைத் தொகையோடு கேட்டு எழுதி வாங்குங்கள். அதற்கும் நிபந்தனை இருக்கும், திறந்த கூரையை மூடி வைக்காமல் விட்ட மழைக்குப் பொறுப்பில்லை என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கூரை கழற்றாதீர்கள் என்பதுதான் என் உண்மையான ஆலோசனை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புயலுக்கும் வெள்ளத்துக்கும் எக்செஸ் மற்றதைவிடக் கூடுதலாகவே போடுவார்கள்.

கட்டுமானப் பிழை பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் சண்டை அதிகம். முட்டுக் கம்பங்களை அவசரத்தில் நாலாம் நாளே கழற்றிவிட்டீர்கள், பால்கனி ஸ்லாப் விழுந்தது, விழுந்ததில் கீழே சரியாகக் கட்டியிருந்த படிக்கட்டும் உடைந்தது என்று வையுங்கள். ஸ்லாப் திரும்பப் போடும் செலவு உங்களுடையது, பிழையான வேலையைத் திருத்த எவரும் காசு தரமாட்டார்கள். படிக்கட்டு பிழையாகக் கட்டியதல்ல, பிழையால் உடைந்தது. அதற்குக் கேட்கலாம். கிளெய்ம் பத்திரத்தில் இரண்டையும் ஒரே தொகையாகக் கூட்டிப் போட்டு இரண்டையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பொலிசியின் கடைசித் திகதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். காசு முடிந்து உரிமையாளர் வேலையை நிறுத்தி வைப்பது நம் ஊரில் புதிதில்லை. வேலை நின்ற சைட்டுக்குப் பாதுகாப்பும் நிற்கும், முன்கூட்டியே கம்பனிக்கு எழுதி இணங்கினாலொழிய. கலவரம், பயங்கரவாதம் போன்றவற்றைத் தனியே கேட்டுத்தான் சேர்க்க வேண்டும், அதற்குரிய காசு தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குப் போகிறது. பிரீமியத்துக்கு மேல் வற் வரியும் வரும், பட்ஜெட் போடும்போது மறக்காதீர்கள்.

இனி அந்தப் பொடியன். உண்மையைச் சொன்னால், கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது கிரைண்டர் அல்ல, இதுதான். சி.ஏ.ஆரின் இரண்டாம் பகுதி வெளியாட்களுக்குத்தான், உங்கள் வேலையாட்களுக்கு இல்லை. 1934 இல் வந்த வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. வேலையின்போது விபத்தென்றால் தொழில்தருநர் கொடுக்க வேண்டும். நாட்கூலியா மாதச் சம்பளமா, நியமனக் கடிதம் இருந்ததா என்று சொல்லித் தப்ப முடியாது. 2022 திருத்தத்தில் உச்ச நட்டஈடு ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் உள்ளே வந்தது. சாம்பல்தீவிலிருந்து விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக வரும் உங்கள் ஆட்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். காப்புறுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கடன் உங்கள் தலையில் இருக்கிறது. காப்புறுதி இருந்தால் கம்பனி கொடுக்கும், இல்லாவிட்டால் உங்கள் வளவு கொடுக்கும். உயிர் போன விபத்தென்றால் வீட்டுக்காரரிடம் கையில் கொடுத்துத் தாளில் கையெழுத்து வாங்கி முடித்துவிட முடியாது. அந்தப் பணம் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிலிடப்பட வேண்டும்.

ஆகவே 'எது முதலில்' என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் வேலையாட்கள் நட்டஈட்டுக் காப்புறுதி. இரண்டாவது, மூதூர் வேலைக்கு சி.ஏ.ஆர்., கீழ் வீட்டையும் சேர்த்து. இதன் பிரீமியத்தை மதிப்பீட்டிலேயே ஒரு வரியாகப் போட்டு உரிமையாளரிடம் வாங்குங்கள். பொலிசியின் முதல் பக்கத்தில் உரிமையாளரின் பெயரோடு உங்கள் பெயரும் இருக்க வேண்டும். உபகரணப் பொலிசி மூன்றாவது. மெஷின் போனால் வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம்.

வேலையாட்கள் பொலிசிக்குப் பிரீமியம் போடுவது நீங்கள் சொல்லும் வருடச் சம்பளத் தொகையை வைத்து. எட்டுப் பேர் வேலை செய்ய நாலு பேர் என்று எழுதினால், விழுகிறவன் அந்த நாலு பேரில் ஒருவனாக இருப்பானா? பெயர், அடையாள அட்டை இலக்கம், வந்த நாள், கொடுத்த கூலி என்று ஒரு பதிவு வைத்திருங்கள். மருத்துவச் செலவு சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள், நட்டஈடு வேறு, ஆஸ்பத்திரிச் செலவு வேறு. தனிநபர் விபத்துக் காப்புறுதி மலிவாக இருக்கிறது, அதுவே போதும் என்று ஒரு முகவர் சொல்லக்கூடும். அது நல்லதுதான், ஆனால் சட்டம் உங்கள் மேல் வைத்த கடனை அது தீர்க்காது.

கம்பனி மறுத்தால் மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள், போனில் கேட்ட 'இல்லை' எங்கேயும் செல்லாது. எழுத்தில் வந்த பதிலும் நியாயமில்லை என்று தோன்றினால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு (முறைப்பாடுகளை விசாரிப்பவருக்கு) எழுதலாம், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். வயர் விஷயத்தில் அதுவரை போகத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். கிரைண்டருக்காகப் போகாதீர்கள், நேரம்தான் வீண்.

அந்தப் பொடியனுக்குப் பிளாஸ்டர் போட்ட செலவைக் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் வேலை செய்ய முடியாமல் இருக்கும் காலத்துக்குச் சட்டப்படி அரைமாதக் கொடுப்பனவு அவனுக்கு உண்டு. அதையும் கணக்குப் பார்த்துக் கொடுத்து, கொப்பியில் கையெழுத்து வாங்குங்கள். பிளாஸ்டர் கழற்றும் நாளில் கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். மணிக்கட்டு முழுதாக மடங்குகிறதா, பழையபடி கரண்டி பிடிக்க முடியுமா என்று டொக்டரிடம் கேட்டு, அவர் எழுதித் தரும் துண்டில் ஒரு பிரதி அவனிடமும் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.